பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி

கேள்வி: எனக்கு வயது 46. ஈரோடு பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பார்க்கிறேன். தனிமனித சுதந்திரம், அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு எல்லை, இந்த இரண்டுக்காகவும் நண்பர்கள் சிலரோடு ஆறு வருடமாக இயங்கி வருகிறேன். ராஜாஜியின் சுதந்திராக் கட்சி விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. சொத்துரிமையை மறுபடியும் அடிப்படை உரிமையாக்கச் சொல்லி ஊர் ஊராக நோட்டீஸ் கொடுக்கிறோம். வீட்டில்தான் ஆதரவு இல்லை. நான் பேச ஆரம்பித்தால் மனைவி எழுந்து போய்விடுகிறாள். கல்லூரியில் படிக்கும் மகள் எங்கள் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. இவர்களுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. போன தடவை நோட்டீஸ் அடிக்கப் பணம் போதாமல் மனைவியின் வளையல் இரண்டை வங்கியில் வைத்தேன். நானே மீட்டுவிடப் போகிறேன் என்பதால் அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அவளுக்கும் இப்போது நகைமேல் நாட்டமில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கே கண்ணாடி வளையலோடு வந்தாள். கேட்டால், தங்கம் கையை அரிக்கிறது என்றாள். சுதந்திரத்தின் அருமையை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் போதாமல் மேலே சுருக்கிப் போட்டிருக்கிறோம். மூன்றரைப் பக்கத்துக்கு அரசியல் சட்டத் திருத்தங்களையும் ராஜாஜியையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள், தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள். வளையல் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போகிறது. அந்த வாக்கியத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

கொள்கைக்காக வெளியே அலைகிறவர்களிடமிருந்து இந்தப் பக்கத்துக்கு மாதம் ஒரு கடிதமாவது வந்துவிடுகிறது. கொடியின் நிறம்தான் மாறும். ‘வீட்டில் என்னைப் புரிந்துகொள்ளவில்லை’ என்ற புலம்பல் மாறாது. பெரிய காரியத்தில் இறங்கினவர்களுக்கு இதெல்லாம் சகஜம், மனதைத் தளர விடாதீர்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மனைவிக்குத் தெரியும்.

இருபது வருடத்துக்கு மேல் தங்கம் போட்ட கையை இப்போது திடீரென்று எதற்கு அரிக்கப்போகிறது? கல்யாணத்துக்குக் கிளம்புகிற பெண் பீரோவைத் திறப்பாள். சேலையை எடுத்து வைத்துவிட்டு நகைப் பெட்டியைத் திறப்பாள். வளையல் இருந்த குழியில் வெறும் வெல்வெட் துணி இருக்கிறது. அந்த நிமிடம் முன்னறையில் உட்கார்ந்திருந்த உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டு, கண்ணாடி வளையலில் சேலைக்குப் பொருத்தமாக நாலை எடுத்து மாட்டிக்கொண்டு உங்கள் பின்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மண்டபத்தில் நாத்தனாரும் ஓரகத்தியும் முதலில் பார்ப்பது கழுத்தையும் கையையும்தான். அவர்கள் கேட்டபோதும் அரிப்பு என்றுதான் சொல்லியிருப்பாள். சொந்தபந்தத்துக்கு முன்னால் உங்கள் தலை குனியக் கூடாது என்று ஒருத்தி பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் அதற்கு, நகைமேல் நாட்டமில்லை என்று பெயர் வைத்து எனக்கு எழுதுகிறீர்கள். நீங்கள் சொத்துரிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவள் எழுந்து போகாமல் என்ன செய்வாள்?

இனி உங்கள் நோட்டீஸுக்கு வருகிறேன். அதில் அரசாங்கத்தின்மேல் நீங்கள் சொல்லும் குறைகளில் பலவற்றை நானும் ஒப்புக்கொள்கிறவள் என்பதால்தான் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன். 1951இல், குடியரசாகி ஒன்றரை வருடம்கூட ஆகாத நிலையில், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் ஒன்பதாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. அதில் சேர்த்துவிட்டால், அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி ஒரு சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்க முடியாது என்பது அன்றைய ஏற்பாடு. ஆரம்பத்தில் 13 சட்டங்கள் இருந்தன. பிறகு 280ஐத் தாண்டிப் போனது. 1969இல் 14 வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. கொடுத்த இழப்பீடு இழப்பீடே இல்லை என்று 1970இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், மறுவருடமே 25ஆவது திருத்தம் வந்து, சட்டத்திலிருந்த ‘இழப்பீடு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘தொகை’ என்ற சொல்லை வைத்தது. 1978இன் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை யாரும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்த அருமையான திருத்தம். அதே திருத்தம்தான் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கி, 300ஏ பிரிவு என்று ஓரமாகக் கொண்டுபோய் வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது மட்டும் அதில் மிஞ்சியது.

இத்தனையிலும் அரசாங்கம் சொன்ன காரணம் என்ன? நோக்கம் நல்லது. அவசரம், கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. பிறகு ஈடுகட்டிவிடுகிறோம். வெள்ளைக்காரன் 1860இல் தன் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் மூலமாக இந்த நாட்டில் வருமான வரியைக் கொண்டுவந்தபோதும் 1857 கலவரச் செலவைக் காட்டி ஐந்து வருடத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னான். சொன்னபடி 1865இல் எடுக்கவும் செய்தான். வேறு வேறு பெயரில் திரும்பி வந்து, 1886இல் நிரந்தரமாகவே உட்கார்ந்துகொண்டது. இந்தக் கதையை உங்கள் கூட்டத்தில் நீங்களே எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! ‘பிறகு’ என்ற சொல்லை அதிகாரத்தில் இருப்பவன் சொன்னால் நம்பாதே என்று ஊருக்குச் சொல்கிறவர், அதே சொல்லை உங்கள் கையால் எழுதித் தபாலில் சேர்த்திருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். நகைக்கடன் விண்ணப்பத்தில், இந்த நகை எனக்குச் சொந்தமானது என்று ஒரு உறுதிமொழி இருக்கும். கணக்கு எழுதுகிறவர் நீங்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் மனைவியின் சொத்து உங்களுடையது என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கி, அந்தப் பணத்தில், அவரவர் சொத்து அவரவருக்கே என்று நோட்டீஸ் அடித்திருக்கிறீர்கள். அதைக் கையில் வாங்கிப் படித்த விவசாயிக்கு அந்தக் காகிதம் யாருடைய கையிலிருந்து கழற்றப்பட்டது என்று தெரியாது. உங்கள் வீட்டில் ஒருத்திக்குத் தெரியும்.

புருஷன் பெண்டாட்டிக்குள் இதெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்பீர்கள். கணக்குத்தான். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கே முழுச் சொந்தம், அது அவள் சீதனம், புகுந்த வீட்டில் இருக்கிறது என்பதால் கணவன் அதற்குக் கூட்டுச் சொந்தக்காரன் ஆகிவிட மாட்டான் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. நம்பி ஒப்படைத்ததைத் தன் இஷ்டத்துக்குக் கையாண்டால் அது நம்பிக்கை மோசடி வரைக்கும் போகும். உங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்ப இதைச் சொல்லவில்லை. சுதந்திராக் கட்சியின் 21 கொள்கைகளை மனப்பாடமாகச் சொல்வேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் காந்தி சொன்ன தர்மகர்த்தா முறையைப் பற்றியும் வருகிறது. தர்மகர்த்தா என்றால் யார்? அடுத்தவர் பொருளைக் காப்பாற்றிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். அவள் நகை இருக்கிற பீரோவுக்கு நீங்கள் தர்மகர்த்தா. கோயில் நகையை அடகு வைத்துவிட்டுக் கும்பாபிஷேகத்துக்குத்தான் செலவழித்தேன் என்று ஒரு தர்மகர்த்தா வந்து நின்றால் ஊர் அவரை என்ன சொல்லும்?

ராஜாஜியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 80 வயதில், 1959இல், காங்கிரஸ் என்ற மலைக்கு எதிராக ஒரு கட்சியைத் தொடங்கிய மனத்திடம் எனக்கும் பெரிதாகத்தான் தெரிகிறது. எட்டே வருடத்தில், 1967இல், மக்களவையில் 44 இடம் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது அந்தக் கட்சி. முதலமைச்சராக இருந்தபோது, 1952இல், உணவு தானியக் கட்டுப்பாட்டைத் துணிந்து எடுத்தவரும் அவர்தான். எல்லாம் சரி. நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு வருடம் இருக்கிறது, 1953. பள்ளியில் அரை நாள், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். இருக்கிற பள்ளிக்கூடத்தில் அதிகப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்று அவர் பக்கம் ஒரு காரணமும் இருந்தது. ஆனால் சட்டசபையைக் கலக்கவில்லை, சொந்த அமைச்சர்களைக்கூடக் கலக்கவில்லை. எந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தீர்மானித்தாரோ அவர்களைப் பெற்றவர்களைக் கேட்கவும் இல்லை. குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954இல் பதவியை விட்டு இறங்கினார்; காமராஜர் வந்து அந்தத் திட்டத்தையே தூக்கிப் போட்டார். உரிமத்துக்கும் பெர்மிட்டுக்கும் எதிராகப் பின்னால் அவர் பேசின பேச்சையெல்லாம் இந்த ஒரு வருடத்தோடு சேர்த்துப் படியுங்கள், தம்பி. உன் நன்மைக்குத்தான் செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால் உன்னைக் கேட்டேன் என்று சொல்ல முடிய வேண்டும். அவ்வளவு பெரிய மனிதருக்கே அது சறுக்கியது.

குடும்ப விஷயத்தில் நான் பழைய மனுஷி, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் குறைவாகச் செய்ய வேண்டும் என்று கேட்கிறவர், அது விட்ட வேலையை வேறு யாரோ செய்வார்கள் என்று நம்புகிறவர். யார் அந்த யாரோ? கிழவிக்கு மருந்து வாங்குவதும், பிள்ளைக்குப் பீஸ் கட்டுவதும், ஆபத்துக்கு நாலு காசு சேர்த்து வைப்பதும் குடும்பம்தான். குடும்பத்தில் அதை யார் சேர்த்து வைக்கிறார்கள்? அந்த இரண்டு வளையல்தான் உங்கள் மகளின் கடைசி வருடப் பீஸ், உங்களுக்கே ஒரு நெஞ்சுவலி வந்தால் ஆஸ்பத்திரியில் கட்டுகிற முன்பணம். அரசாங்கத்தை நம்பாதே என்று நீங்கள் மேடையில் சொல்வதை அந்த வீட்டில் உண்மையாக நடத்திக்கொண்டிருந்தவள் அவள்தான். நீங்கள் கைவைத்தது அந்த இடத்தில். எந்தக் கொள்கையானாலும் சரி, கடமையை முடித்துவிட்டு வருகிறவனைத்தான் நான் தொண்டன் என்பேன். ‘குறை வைக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு குறை வைத்திருக்கிறீர்கள், ரசீது உங்கள் பர்ஸில் இருக்கிறது.

மகள் கூட்டத்துக்கு வருவதில்லை என்ற வருத்தத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. வராமல் இருப்பது அவள் சுதந்திரம். அதை அவளுக்குத் தனியாகப் புரியவைக்கத் தேவையில்லை, நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறாள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த இதழ் கைக்கு வந்த அன்று ராத்திரியே அவளிடம் சொல்லுங்கள். கொள்கை, தியாகம், நாடு என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. ‘உன்னைக் கேட்காமல் எடுத்தேன், தப்பு’ என்பதோடு நிறுத்துங்கள். எனக்கு முதலிலேயே தெரியும் என்று அவள் சொன்னால், ஏன் கேட்கவில்லை என்று அவள்மேல் திருப்பாதீர்கள். அவள் அழுதால் அழட்டும். ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போனால் போகட்டும், பின்னாலேயே போய் விளக்கம் சொல்லாதீர்கள்.

வளையலை மீட்கிற வரைக்கும் அடுத்த நோட்டீஸ் கிடையாது. வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. தவணைக்குள் மீட்காமலும் புதுப்பிக்காமலும் விட்டால் ஏலம் வரைக்கும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் பெயரில் இருக்கிற வண்டியை விற்பீர்களோ, ஓவர்டைம் பார்ப்பீர்களோ, இயக்கத்து நண்பர்களிடம் உண்மையைச் சொல்லிப் பங்கு கேட்பீர்களோ, அது உங்கள் பாடு. மனம் உவந்து கொடுக்கிறவனிடம் வாங்கி, ரசீது கொடுத்து, கணக்கைக் கூட்டத்தில் படியுங்கள். கொடுக்க ஆள் இல்லை என்றால் நோட்டீஸைச் சின்னதாக அடியுங்கள், அல்லது வாயால் பேசுங்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துதான் போனார்.

மீட்ட வளையலை நீங்களே பீரோவில் வைத்துவிடாதீர்கள். வங்கிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கவுன்டரில் வாங்கி அவள் கையில் கொடுங்கள், அங்கேயே போட்டுக்கொள்வதும் பைக்குள் வைப்பதும் அவள் விருப்பம். வீட்டுக்கு வந்ததும் பீரோ சாவியையும் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.