ஒரு பிட்டா, ஒரு பைட்டா? பூலியன் அணிகள்: கேள்வி பதில்

கேள்வி: பூலியன் என்றால் உண்மை, பொய் என்று இரண்டே மதிப்புகள், ஒரு பிட் போதுமே! பைத்தான் மொழியின் கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) பத்து லட்சம் பூலியன்களைப் போட்டால் பத்து லட்சம் பைட் பிடிக்கிறது, ஒரு பைட் என்பது எட்டு பிட். ஏன் இந்த ஊதாரித்தனம்?

பதில்: கதவு எண் வீட்டுக்குத்தான் உண்டு, வீட்டுக்குள் இருக்கும் அறைக்கு இல்லை. நினைவகத்திலும் முகவரி பைட்டுக்குத்தான். இன்னொன்று: ஓர் அணியில், அதாவது மதிப்புகளின் வரிசையில், ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் நம்பை நகலெடுப்பதில்லை, 'இரண்டு பைட் தாண்டிப் போ' என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தத் தாண்டலைப் பிட்டில் குறிக்க வழியில்லை.

கேள்வி: பிட்டாகவே அடுக்கும் மொழி உண்டா?

பதில்: அணிகளுக்கென்றே பிறந்த ஏபிஎல் (APL) மொழி இருக்கிறதே! 1966இல் ஐபிஎம் 360 கணினியில் ஓடத் தொடங்கிய காலம் முதல் அப்படித்தான். ஒரு பயனருக்குச் சில பத்து கிலோபைட் கிடைத்தாலே பெரிது என்றிருந்த நாள்கள் அவை. அதன் இன்றைய வடிவங்களில் ஒன்றான டயலாக் ஏபிஎல்லிலும் உங்கள் பத்து லட்சம் 1,25,000 பைட்டில் அடங்கிவிடும். அணியைப் பற்றிய தலைப்புத் தகவலுக்குக் கொஞ்சம் கூடுதல்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: ஏபிஎல்லில் பூலியன் என்று தனி வகையே கிடையாது. 0, 1 என்ற எண்கள்தான். அணியில் வேறு எண் இல்லாவிட்டால் மொழியே அதைப் பிட்டுகளாகச் சுருக்கிக்கொள்கிறது. சேமிப்பு வகையைக் கேட்டுப் பாருங்கள், 11 என்று வரும். அது பதினொன்று அல்ல. 1 பிட், வகை 1. ஒரே ஓர் உறுப்பை 2 ஆக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்: 83. அதாவது 8 பிட், வகை 3. ஒரு 2 நுழைந்ததற்கு மொத்த அணியும் எட்டு மடங்கு வீங்கிவிட்டது!

கேள்வி: ஜே மொழியும் அப்படித்தானே?

பதில்: இல்லை. ஏபிஎல்லின் வாரிசுதான், ஆனாலும் ஒரு பூலியனுக்கு ஒரு பைட்.

கேள்வி: ஆர் மொழியில் நான்கு பைட் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். அங்கே 'மதிப்பு தெரியாது' என்ற மூன்றாவது நிலையும் உண்டு. அதற்கும் இரண்டு பிட் போதும். ஆனால் ஒரு முழு எண்ணின் இடத்தையே கொடுத்துவிட்டார்கள். இதை வேண்டுமானால் ஊதாரித்தனம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: பிட்டாக அடுக்கினால் வேகம் குறையாதா?

பதில்: வேலையைப் பொறுத்தது. இரண்டு அணிகளை 'மற்றும்' (AND: இரண்டும் உண்மையானால்தான் உண்மை) செய்ய, செயலிக்குள் இருக்கும் 64 பிட் பதிவகம் ஒரே அடியில் 64 உறுப்புகளை முடித்துவிடும். ஒன்றுகளை எண்ணுவதற்குச் செயலியிலேயே தனி ஆணை இருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதும்போதுதான் தொல்லை: சுற்றியுள்ள பிட்டுகளையும் சேர்த்துப் படித்து, ஒன்றை மாற்றி, திரும்ப வைக்க வேண்டும். ஜூலியா மொழியில் அணிகளை ஒப்பிட்டால் விடை பிட் அணியாக வருவதை மறந்து, இரண்டு இழைகளை (ஒரே நிரலில் இணையாக ஓடும் வேலைகளை) அதில் ஒரே நேரத்தில் எழுதவிட்டேன். ஒன்று எழுதியதை மற்றது அழித்துக்கொண்டே இருந்தது. கணக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் மாற, பிழை எங்கே என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.

கேள்வி: நம்பையில் நானே பிட்டாக அடுக்கி ஜூலியாவுக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், வரிசையைப் பார்த்துக்கொண்டு. 1, அதன்பின் ஏழு 0 என்று கொடுத்தால் நம்பை முதல் மதிப்பைப் பைட்டின் பெரிய முனையில் வைத்து 128 என்று அடுக்கும். ஜூலியா சிறு முனையில் வைக்கும், அந்த முறையில் அது 1. அடுக்கும்போதே சிறு முனையிலிருந்து தொடங்கும்படி நம்பையிடம் சொல்லிவிடுங்கள்.