மக்கும் இலையும் காலை நேரத்துக் குளமும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மணக்குடி அலையாத்திக் காட்டில் இலை எவ்வளவு வேகமாக மக்குகிறது என்று பார்க்க, வலைப்பைகளில் 10 கிராம் வீதம் இலை போட்டுக் கட்டினோம். இரண்டு வாரம் கழித்து எடுத்து உலர்த்தினால், சில பைகளில் வைத்ததைவிட எடை கூடியிருக்கிறது. எங்கே தவறு?
– எம்.எஸ்சி. மாணவி, நாகர்கோவில்

பதில்: கூடியது இலை அல்ல, சேறு. பழையாறு கொண்டுவரும் வண்டல் மெல்லிய படலமாக இலையின் இரு பக்கமும் அப்பிக்கொள்ளும். பையோடு முக்கி எடுத்தால் போகாது. சல்லடைக்கு மேல் வைத்து, ஒவ்வொரு துண்டையும் நன்னீரில் மெல்லிய பிரஷால் வருடிக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் மக்கித் தளர்ந்த சதையும் போய்விடும். அப்போது இலை வேகமாக மக்கியதுபோல் கணக்கு காட்டும்.

எப்படிக் கழுவினாலும் கொஞ்சம் மண் மிஞ்சும். அதனால் 60 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி எடைபோட்டபின், பொடித்து 1 கிராம் எடுத்து, மஃபிள் உலையில் (உயர்வெப்ப ஆய்வக உலை) 550 டிகிரியில் 4 மணி நேரம் எரியுங்கள். எரிந்து போனதுதான் கரிமப்பொருள். தொடக்கத்தில் வைத்த இலைக்கும் இதையே செய்து, கரிமப்பொருளைக் கரிமப்பொருளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தொடக்க எடையையும் சரிபாருங்கள். பைக்குள் போகும் இலையை நிழலில்தான் உலர்த்த வேண்டும். ஆய்வக அடுப்பில் (ஓவன்) உலர்த்தினால் செல்கள் சிதைந்து, நீரில் கரையும் பொருள்கள் முதல் சில நாளிலேயே கசிந்துவிடும். நிழலில் உலர்ந்த இலையில் ஈரம் இருக்கும் அல்லவா? அதே குவியலில் சில 10 கிராம் பங்குகளைத் தனியே அடுப்பில் உலர்த்தி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்து அந்த விகிதத்தை எல்லாப் பைகளுக்கும் போடுங்கள். பச்சை இலை வேண்டாம். தொட்டதும் கையோடு வருகிற மஞ்சள் இலையே சரி. கண்டல், வெண்கண்டல் ஆகிய இரு அலையாத்தி மரங்களின் இலைகளை ஒரே பையில் கலக்காதீர்கள். வெண்கண்டல் வேகமாக மக்கும்.

35 நாளில் 10 கிராம் 5 கிராமாகியிருந்தால், இயல் மடக்கை (10/5) ÷ 35, அதாவது நாளுக்கு 0.02 என்பது மக்கும் வீதம். ஆனால் வலைப்பையின் 2 மில்லிமீட்டர் கண்ணிக்குள் பெரிய நண்டு நுழையாது. எனவே இது நண்டு இழுத்துத் தின்னும் இலையைச் சேர்க்காத கணக்கு. அறிக்கையில் இதைத் தெளிவாக எழுதுங்கள். பொழி (ஆறு கடலில் சேரும் முகத்துவாரம்) திறந்திருந்ததா, மணல் மூடியிருந்ததா என்பதையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். மூடினால் வேலியேற்றம் (கடல்நீர் ஏறி வருவது) நின்று, உப்பும் நீர்மட்டமும் மாறிவிடும். அந்தக் குறிப்பு இல்லாத எண்களால் பெரிய பயனில்லை.

கேள்வி: 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத்தில் ஒரே இடத்தில் அளந்தும், கரைந்த ஆக்சிஜன் ஒருநாள் குறைவாகவும் மறுநாள் அதிகமாகவும் வருகிறதே?
– பள்ளி ஆசிரியர், தேரூர்

பதில்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? இரவெல்லாம் பாசியும் செடியும் மீனும் சுவாசிப்பதால் விடியும் முன் மிகக் குறைவு. வெயிலில் ஒளிச்சேர்க்கை நடந்து பிற்பகலில் உச்சம். ஒரே நேரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

கரைந்த ஆக்சிஜனை வேதிக் கரைசல்களால் அளக்கும் விங்க்லர் முறை என்றால், 300 மில்லிலிட்டர் குப்பியைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரஅயோடைடு கரைசலும் 1 மில்லிலிட்டர் வீதம் கரையிலேயே சேருங்கள். ஆய்வகம் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் அளவு மாறிவிடும். படிவு வெள்ளையாகவே இருந்தால் ஆக்சிஜன் இல்லை; பழுப்பானால் உண்டு. படிவு இறங்கியதும் 1 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலம் விட்டுக் கரைத்து, அதில் 200 மில்லிலிட்டரை 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பாருங்கள் (டைட்ரேஷன்). செலவாகும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். நிறங்காட்டியாகச் சேர்க்கும் ஸ்டார்ச்சின் நீலம் முதலில் மறையும் கணமே முடிவு. சற்று நேரத்தில் நீலம் திரும்பினாலும் மீண்டும் சொட்டு விடாதீர்கள்.