வாசகர் கேள்வி–பதில்: கேம்பேடைக் கைக்கேற்ப மாற்றலாமா?

கேள்வி: என் தம்பிக்குத் தசைநலிவு நோய். வலக்கையின் இரண்டு விரல்களைச் சிறிதளவு அசைப்பான். தலையை இருபுறமும் திருப்புவான். கணினியில் கிரிக்கெட் விளையாட மிகவும் ஆசைப்படுகிறான். நாங்கள் வாங்கித் தந்த விலை குறைந்த கேம்பேடை (இரு கைகளிலும் பிடித்துப் பட்டன்களை அழுத்தி விளையாடும் கருவி) அவனால் பிடிக்க முடியவில்லை. அதையே அவனுக்கு ஏற்றபடி மாற்ற இயலுமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: இயலும். சால்டரிங் (ஈயத்தை உருக்கிக் கம்பியைப் பற்றவைத்தல்) செய்யத் தெரிந்த ஒருவர் உடனிருந்தால் போதும். இத்தகைய கேம்பேடுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் கரிப்பூச்சு கொண்ட ரப்பர் குமிழ் ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தும்போது அது சர்க்யூட் போர்டில் அருகருகே உள்ள இரண்டு தடங்களை இணைக்கிறது, அவ்வளவே. அந்தத் தடங்களிலிருந்து இரண்டு கம்பிகளை வெளியே கொண்டுவந்து முனையில் ஒரு சுவிட்சைப் பொருத்திவிட்டால், அது தலையணை ஓரத்தில் இருந்தாலும் முழங்கைக்குக் கீழே இருந்தாலும், கணினி அதைப் பழைய பட்டனாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் கேம்பேடைப் பிரிப்பதற்கு முன் தம்பியின் அசைவுகளைச் சில நாட்கள் கவனியுங்கள். எந்த அசைவு களைப்பில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது, அழுத்தியதைத் தானாகவே விடுவிக்க முடிகிறதா, அரைமணி நேரத்துக்குப் பிறகும் விரலில் அதே வலு இருக்கிறதா என்பவை தெரியாமல் செய்யப்படும் பெட்டி, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயன்படாமல் போகும். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கிவரும் அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் உள்ள சிகிச்சையாளர்களிடம் இதைப் பற்றிக் கலந்து பேசுவது, எந்த உதிரிபாகத்தை வாங்குவதையும்விட முக்கியம் என்பது என் கருத்து.

பிரிக்கும்போது யுஎஸ்பி கேபிளைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். உள்ளே கெட்டியான போர்டு இல்லாமல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் தடங்கள் அச்சிடப்பட்டிருந்தால் அந்த கேம்பேட் இவ்வேலைக்கு ஆகாது. சால்டரிங் சூட்டில் படலம் உருகிவிடும். போர்டு இருந்தாலும் கரிப்பூச்சின் மேல் ஈயம் ஒட்டாது என்பதால், அங்கிருந்து செல்லும் தடத்தின் மேலுள்ள பச்சைப் பூச்சைக் கத்திமுனையால் மெல்லச் சுரண்டி, செம்பு தெரிந்ததும், ஈயம் நன்கு ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவி, மெல்லிய கம்பியைப் பற்றவைக்க வேண்டும். இந்தத் தடங்கள் சிறிது இழுத்தாலே பெயர்ந்து வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு இணைப்பையும் சோதித்தவுடன் அதன் மேல் ஹாட் குளூ வைத்துக் கம்பியை அசையாமல் நிறுத்துங்கள். பல கேம்பேடுகளில் எல்லாப் பட்டன்களின் ஒரு முனை ஒரே கிரவுண்டில் (போர்டின் பொது எதிர்முனை) சேர்ந்திருக்கும்; மல்டிமீட்டரில் மின்தொடர்ச்சி பார்த்தால் தெரிந்துவிடும். அவ்வாறு இல்லையெனில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக இரண்டு கம்பிகள் எடுப்பதே பாதுகாப்பு.

கம்பிகளை நேரே சுவிட்சில் முடிக்காமல், பெட்டியின் விளிம்பில் 3.5 மில்லிமீட்டர் மோனோ சாக்கெட்டுகளைப் பொருத்தி அவற்றில் முடியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சுவிட்சுகள் பெரும்பாலும் இந்த அளவுப் பிளக்குடனேயே வருகின்றன. மைக்ரோசாஃப்ட் மாற்றுத்திறனாளிகளுக்காக 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற விளையாட்டுக் கருவியின் பின்புறத்தில் இத்தகைய துளைகள் 19 உள்ளன. தம்பியின் வலு நாளடைவில் மாறினால் சுவிட்சை மட்டும் மாற்றலாம். போர்டை மறுபடியும் தொட வேண்டியதில்லை.

விரலுக்கு நீண்ட நெம்புகோல் கொண்ட மைக்ரோ சுவிட்சை வாங்குங்கள். நெம்புகோல் நீள நீள, அழுத்தத் தேவைப்படும் விசை குறையும். அதன் மூன்று முனைகளில் பொது முனையையும், அழுத்தினால் மட்டும் சேரும் முனையையும் பயன்படுத்த வேண்டும். விரல் வழுக்காமல் தங்குவதற்குக் குழிவான சிறு மரத்தட்டு தேவையென்றால், உங்கள் ஊருக்கு ஆற்றின் அக்கரையிலேயே, அம்பாசமுத்திரத்தில், மரத்தில் சொப்புச் சாமான்களைக் கடைந்தெடுக்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அளவைச் சொன்னால் கடைந்து தருவார்கள்.

கேள்வி: கேம்பேடின் ஜாய்ஸ்டிக்கை (விரலால் சாய்க்கும் சிறு குச்சி) நீக்கிவிட்டு, கார் பந்தயத்துக்கு ஸ்டீயரிங் அமைக்க விரும்புகிறேன். ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோலைப் பொருத்தலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: ஜாய்ஸ்டிக்கின் ஒவ்வொரு அச்சிலும் (இடவலம், மேல்கீழ்) இருப்பது பெரும்பாலும் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரே, அதாவது திருகினால் மின்தடை மாறும், மூன்று முனைகள் கொண்ட பாகம். ஆனால் வால்யூமுக்கென்று செய்யப்பட்டவற்றில் மின்தடை பொதுவாகச் சீராக மாறாது. எனவே பி10கே என்று குறிக்கப்பட்ட, மின்தடை சீராக மாறும் நேரியல் வகையைக் கேட்டு வாங்குங்கள். நடுமுனை நடுமுனைக்கே செல்ல வேண்டும். ஓர முனைகள் இடம் மாறினால் வண்டி எதிர்ப்புறம் திரும்பும்; மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும். சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர் ஏறத்தாழ 270 முதல் 300 பாகை வரை சுழலும் என்பதால், உங்கள் ஸ்டீயரிங் 90 பாகை மட்டுமே திரும்புமானால் மூன்றில் ஒரு பங்கு வீச்சுதான் கிடைக்கும். இரண்டு பற்சக்கரங்கள் வைத்து அதைப் பெருக்கலாம். கணினியின் கேம் கன்ட்ரோலர் பகுதியில் அளவுத்திருத்தம் செய்தும் பார்க்கலாம். நீக்கிய மற்றோர் அச்சின் நடுமுனையை வெறுமனே விட்டுவிடாதீர்கள். சம மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர்களை அதிலிருந்து இரு ஓரங்களுக்கும் இணைத்தால்தான் அது நடுவில் நிற்கும்.

கேள்வி: பட்டனுக்குள் விளக்கு எரிய 12 வோல்ட் அடாப்டரை கேம்பேடின் போர்டிலேயே இணைக்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கூடாது. யுஎஸ்பி தருவது 5 வோல்ட். அதற்கு மேற்பட்ட மின்னழுத்தம் பட்டன் தடத்தில் பட்டால் கேம்பேடின் சிப் மட்டுமல்ல, கணினியின் யுஎஸ்பி துளையும் பழுதாகலாம். விளக்கு வேண்டுமானால், ரெசிஸ்டர் உள்ளடங்கிய 5 வோல்ட் எல்இடி பட்டன்களை வாங்கி, விளக்கின் முனைகளை யுஎஸ்பியின் 5 வோல்ட், கிரவுண்டு ஆகிய இரண்டுக்கும் இடையே தனியாக இணையுங்கள்.