பற்றரி மேல் பழி போடுமுன்: ஸ்கூட்டர் மின்கோளாறு – வாசகர் கேள்வி பதில்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்களில் ஏராளமானவை ஐந்தாறு மாரியைக் கண்டவை. எஞ்சின் திடமாக இருக்கும். வயரும் சொக்கற்றும்தான் களைத்துப் போயிருக்கும். இந்த இதழுக்கு வந்த கடிதங்களும் அதையே சொல்கின்றன.

வேலணையிலிருந்து தினமும் பண்ணைப் பாலம் வழியாக வேலைக்குப் போய் வருகிறேன். ஹோண்டா டியோ, கார்புரேற்றர் மொடல். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது பற்றரியும் இறங்கிவிட்டது. கிக் அடித்தால் உடனே ஸ்ராட் ஆகிறது, செல்ஃப் மட்டும் இல்லை. கராஜில் திரும்பவும் பற்றரி மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா? – வேலணை வாசகர்

அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். இரண்டு பற்றரி போன இடத்தில் மூன்றாவதும் போகும். எஞ்சினில் உண்டாகும் மின்சாரம் பற்றரிக்கு வந்து சேராமல் வழியில் எங்கோ தங்கிவிடுகிறது என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது.

சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர் ஒன்று போதும். அதை டீசி 20 வோல்ற்றில் வைத்து, விடிய, ஸ்கூட்டரை ஸ்ராட் பண்ணுமுன் பற்றரியின் இரு முனைகளிலும் பிடியுங்கள். 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிறைந்த பற்றரி. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12.0 அல்லது அதற்குக் கீழே என்றால் வெறும் பெட்டிதான். ஓடிவந்து நிறுத்திய கையோடு அளந்தால் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். இரவு முழுக்க நின்ற பிறகு அளப்பது அதற்காகத்தான். அடுத்து, மீற்றரை எடுக்காமலே செல்ஃப் பட்டனை அமத்துங்கள். கணநேரம் 10 வரை இறங்கலாம். காலையில் 12.6 காட்டிய பற்றரி இப்போது 9.5 இற்குக் கீழே விழுந்தால் பற்றரிக்குள்ளேயே பழுது. கராஜ்காரர் சொன்னது சரி.

மூன்றாவது அளவுதான் முக்கியம். நடு ஸ்ராண்டில் நிறுத்தி, கிக் அடித்து எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றைப் போட்டு, அக்சிலேற்றரைப் பாதியளவு முறுக்குங்கள். பின் ரயர் சுழலும், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். பற்றரியில் 13.8 இலிருந்து 14.6 வரை ஏறவேண்டும். முறுக்க முறுக்க 12.5 இலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை.

ஏறவில்லை என்றதும் றெகுலேற்றரை (வோல்ற்றேச்சைக் கட்டுப்படுத்திப் பற்றரிக்கு அனுப்பும் யூனிற்) மாற்ற ஓட வேண்டாம். பாலத்தில் சோளகம் பலமாக வீசும் மாதங்களில் உப்புத் தூறல் நேராக வண்டியின் முன்பக்கத்தில்தான் படுகிறது. பல ஸ்கூட்டர்களில் றெகுலேற்றர் இருப்பதும் முன் கவருக்குள்ளேதான். அதன் சொக்கற்றைக் கழற்றிப் பாருங்கள். உள்ளேயுள்ள உலோகப் பின்களில் பச்சை கலந்த வெள்ளைத் தூள் பூத்திருந்தாலோ, பிளாஸ்ரிக் மஞ்சளாகிக் கருகியிருந்தாலோ கள்ளன் அகப்பட்டுவிட்டான். தூள் மட்டும் என்றால் பற்றரி நெகற்றிவ்வைக் கழற்றிவிட்டு, கொன்ராக்ற் கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, காய்ந்த பின் மெல்லியதாக வாஸ்லின் பூசிப் பூட்டுங்கள். கருகியிருந்தால் துடைத்துப் பிரயோசனம் இல்லை. சூடேறிய பின் தன் இறுக்கத்தை இழந்திருக்கும். புதுப் பின் போட்டே ஆகவேண்டும். வயரை வெட்டி முறுக்கி ரேப் சுற்றித் தருபவர்களிடம் விடாதீர்கள். வெயிலில் ரேப்பின் பசை இளகும், அதற்குள் உப்புத்தண்ணி தேங்கும், அடுத்த மாரிக்குள் அதே இடம் திரும்பப் பழுதாகும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள்.

கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சொக்கற்றும் ஏமாற்றும். எஞ்சின் ஓடும்போது மீற்றரின் ஒரு முனையை றெகுலேற்றரிலிருந்து வெளிவரும் சிவப்பு வயரின் பின்னிலும், மறுமுனையைப் பற்றரியின் பொசிற்றிவ்விலும் வையுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ தடை. அதேபோல ஏர்த் வயரிலும் (ஹோண்டாவில் பச்சை) பற்றரி நெகற்றிவ்விலும் வைத்துப் பாருங்கள். ஏர்த் பக்கத்தைப் பார்க்காமல் விடுவது வழமை. கோளாறு அங்கேதான் கிடப்பதும் வழமை.

இவையெல்லாம் சரியென்றால் எஞ்சினில் மின்சாரத்தை உண்டாக்கும் கொயிலைப் பாருங்கள். றெகுலேற்றர் சொக்கற்றைக் கழற்றி, மீற்றரை ஏசிக்கு மாற்றி, கொயிலிலிருந்து வரும் வெள்ளை வயருக்கும் ஏர்த்துக்கும் இடையே அளந்தபடி முறுக்குங்கள். வோல்ற்றேச் கூடிக்கொண்டே போனால் கொயில் நலம், றெகுலேற்றர்தான் போயிருக்கிறது. ஏறாமல் சில வோல்ற்றிலேயே நின்றால் கொயில் எரிந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தி ஓமில் அளப்பவர்கள் முதலில் மீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். கொயிலின் தடை ஏறத்தாழ ஒரு ஓம்தான். மீற்றர் வயரே 0.3 ஓம் காட்டும். மூன்று மஞ்சள் வயர் வரும் மொடல்களில் எந்த இரண்டுக்கு இடையிலும் ஒரே அளவு இருக்கவேண்டும், எதுவும் எஞ்சின் உடலோடு தொடர்பு காட்டக்கூடாது.

கொயில் மாற்றுவதென்றால் காற்றாடியையும் மக்னெற்றையும் கழற்றவேண்டும். புல்லர் வைத்துக் கழற்றும் இடத்துக்குப் போங்கள். சுத்தியலால் அடித்தால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விட்டுவிடும்.

எல்லாம் திருத்திய பிறகு புதுப் பற்றரி வாங்கும்போது கடையிலேயே அளந்து பாருங்கள். 12.5 இற்குக் குறைவாகக் காட்டுவது கன காலம் தட்டில் இருந்த பெட்டி. அசிற் ஊற்றித் தரும் வகையென்றால் ஊற்றிய கையோடு பூட்டவிடாதீர்கள். ஊறவிட்டு, சார்ஜரில் முதல் சார்ஜ் ஏற்றிய பிறகே பூட்டவேண்டும்.

ஹெட்லைற் பல்ப் அடிக்கடி எரிந்து போகிறது. பற்றரி பக்கவாட்டில் வீங்கி, அழுகிய முட்டை மணம் வருகிறது. – சுன்னாகம் வாசகர்

உங்கள் கோளாறு வேலணைக்காரரின் கோளாறுக்கு நேரெதிர். சார்ஜ் மிதமிஞ்சி ஏறுகிறது. முறுக்கும்போது 15 வோல்ற்றைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அந்த மணம் பற்றரி கொதிப்பதால் வருவது. சிகரெற், தீக்குச்சி எதுவும் கிட்டப் போகக்கூடாது, வீட்டுக்குள்ளும் வண்டியை விடாதீர்கள்.

றெகுலேற்றரைக் குற்றம் சொல்லுமுன் அதன் ஆணியைக் கழற்றிப் பாருங்கள். பல மொடல்களில் அதன் உடலோ பச்சை வயரோ சட்டத்தில் ஏர்த் ஆகிறது. ஆணியடியில் துருப்பிடித்து ஏர்த் விட்டால் வோல்ற்றேச்சைக் கட்டுப்படுத்த அதற்கு வழியில்லை. சாண்ட் பேப்பரால் பளிச்சென்று தேய்த்து இறுக்கிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அப்போதும் 15 இற்கு மேல் என்றால் மாற்றத்தான் வேண்டும். பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கும் யூனிற்றுகளில் பின்களின் வரிசை வேறுபடும், பழையதைக் கையில் கொண்டு போங்கள். வீங்கிய பற்றரி இனி உதவாது, ஆனால் றெகுலேற்றர் சரியான பிறகே புதியதைப் பூட்டுங்கள். கூடுதல் வெளிச்சத்துக்காக 35 வோற் பல்பின் இடத்தில் 55, 60 என்று போட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், சொக்கற் உருகும்.

செல்ஃப் பட்டனை அமத்தினால் சில நாள் ஒரு சத்தமும் இல்லை. சில நாள் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். ஆனால் ஹோர்ன் நன்றாக அடிக்கிறது, அப்போ பற்றரி சரிதானே? – கொக்குவில் வாசகி

ஹோர்னை வைத்துப் பற்றரியை மதிக்க முடியாது. ஹோர்னுக்கு இரண்டு மூன்று அம்பியர் போதும், ஸ்ராட்டர் மோட்டருக்குப் பல பத்து அம்பியர் வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வேறு கோளாறுகள். சத்தமே இல்லாத நாளில் பிரேக்கைப் பிடித்துப் பின்னால் பிரேக் லைற் எரிகிறதா என்று பாருங்கள். பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்; பிடியின் அடியில் இருக்கும் சின்னச் சுவிச் புழுதியில் இறுகினால் லைற்றும் இல்லை, செல்ஃப்பும் இல்லை. மற்றப் பிடியைப் பிடித்துப் பாருங்கள், அதில் வேலை செய்தால் எந்தச் சுவிச் என்பது தெரிந்துவிடும்.

‘டக்’ என்று ஒரே சத்தம் வரும் நாளில் பற்றரியில் மீற்றரைப் பிடித்தபடி அமத்துங்கள். வோல்ற்றேச் தடாலென்று விழுந்தால் பற்றரி அல்லது தளர்ந்த முனை. (‘டக்டக்டக்’ என்று தொடர்ந்து அடித்தால் அநேகமாக இதுதான்.) 12 இலேயே நின்றால் மோட்டருக்கு மின்னை அனுப்பும் றிலேயின் உள்முனை கருகியிருக்கும், அல்லது மோட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய: நடு ஸ்ராண்டில் நிறுத்தி, சாவியை அணைத்து, பெற்றோல் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, றிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் பிளாஸ்ரிக் பிடி போட்ட திருப்புளியால் ஒரு கணம் இணையுங்கள். பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். மோட்டர் சுழன்றால் றிலேயை மாற்றுங்கள். சுழலாவிட்டால் மோட்டரைக் கழற்றிப் பிரஷ் மாற்றினால் அநேகமாகப் போதும். எடுத்த எடுப்பில் முழு மோட்டரையும் மாற்றச் சொல்பவரிடம் பழைய பிரஷ்ஷைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வெள்ளத்துக்குள்ளால் ஓடியதிலிருந்து பியூஸ் அடிக்கடி போகிறது. இப்போது சிகரெற் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி ஓடுகிறேன். – அரியாலை வாசகர்

அந்தத் தாளை இன்றே எடுத்துவிடுங்கள். பியூஸ் 10 அல்லது 15 அம்பியரில் உருகி வயரைக் காப்பாற்றுகிறது. தாள் உருகாது, வயர்தான் உருகும். அந்த வயர்கள் பெற்றோல் தாங்கியை ஒட்டித்தான் போகின்றன.

பியூஸ் பியூஸாக எரித்துத் தேட வேண்டாம். 12 வோல்ற் 21 வோற் பிரேக் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் பிடித்து, பியூஸ் இருந்த இடத்தில் இணையுங்கள். சாவியைத் திருப்பும்போது பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ வயர் சட்டத்தில் தொடுகிறது. மங்கலாக எரிந்தால் அது வழமையான ஓட்டம். ஹெட்லைற்றைப் போட்டிருந்தால் அதன் பாரத்திலேயே நன்றாக எரியும், ஆகவே அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். இனி ஹோர்ன், பின் லைற், சிக்னல் என்று சொக்கற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்ப் மங்குகிறதோ கோளாறு அந்த வயரில். ஒன்றுக்கும் மங்காவிட்டால் ஹாண்டிலை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். கழுத்தடியில் வளைந்து வளைந்து வயரின் உறை கிழிவது சாதாரணம். பின் மட்காட்டுக்கு உள்ளே போகும் லைற் வயரும் கல்லும் சேறும் பட்டு உரியும்.

திருட்டு அலாரம், யூஎஸ்பி சார்ஜர், முன்னுக்கு இரண்டு எல்ஈடி பூட்டியிருக்கிறேன். நாலைந்து நாள் எடுக்காவிட்டால் பற்றரி இறங்கிவிடுகிறது. – திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவர்

கணக்கைப் பாருங்கள். அலாரம் 25 மில்லி அம்பியர் குடித்தால், 3 அம்பியர்-மணி பற்றரி 120 மணித்தியாலத்தில் வெறுமையாகும். அது சரியாக ஐந்து நாள். உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று அறிய, சாவியை அணைத்து, நெகற்றிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையே மீற்றரை 10 அம்பியர் அளவில் வையுங்கள். எண் சின்னதென்றால் மில்லி அம்பியருக்கு இறங்குங்கள். மீற்றர் இடையில் இருக்கும்போது சாவியைத் திருப்பினாலோ செல்ஃப் அடித்தாலோ மீற்றரின் பியூஸ் போய்விடும். மேலதிகமாக ஒன்றும் பூட்டாத கார்புரேற்றர் ஸ்கூட்டர் ஒரு மில்லி அம்பியர்கூட எடுக்காது.

யூஎஸ்பி சார்ஜரைப் பற்றரியிலிருந்து நேரே எடுக்காமல், சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயரில் மாற்றுங்கள். இரண்டு 20 வோற் எல்ஈடி என்றால் மூன்று அம்பியர். கஸ்தூரியார் வீதியில் நின்று நின்று ஓடும் வேகத்துக்கு கொயில் அதை ஈடுசெய்யாது. தனி றிலே, 5 அம்பியர் பியூஸ், தனிச் சுவிச் போட்டு, வெளித் தெருவில் மட்டும் எரியுங்கள்.

பற்றரியைக் கழற்றிவிட்டுக் கிக்கிலேயே ஓடலாமா? – சாவகச்சேரி வாசகர்

வேண்டாம். பற்றரி இல்லாவிட்டால் வோல்ற்றேச் கட்டுக்கடங்காமல் துள்ளும், பல்பும், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் சீடீஐ பெட்டியும் பலியாகும். கார்புரேற்றருக்குப் பதில் பெற்றோலைப் பீய்ச்சி அனுப்பும் எஃப்ஐ மொடலில் பெற்றோல் பம்பே பற்றரியை நம்பித்தான் ஓடுகிறது.

மகள் படிப்புக்குக் கொழும்பு போய்விட்டா. ஸ்கூட்டி மாதக்கணக்கில் நிற்கிறது. இடைக்கிடை ஸ்ராட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன், போதுமா? – பருத்தித்துறை, ஒரு தாய்

அது பற்றரிக்கு நன்மையை விடத் தீமைதான் அம்மா. செல்ஃப் அடித்து எடுத்ததை, முறுக்காமல் சும்மா ஓடும் எஞ்சின் திருப்பிக் கொடுக்காது. முழுச் சார்ஜில் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். கழற்றும்போது முதலில் நெகற்றிவ், பிறகு பொசிற்றிவ், பூட்டும்போது மறுவளம். அப்படிச் செய்தால் கழற்றும் ஸ்பனர் சட்டத்தில் தட்டினாலும் பொறி பறக்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, 12.5 இற்குக் கீழே வந்தால் மோட்டார் சைக்கிள் சார்ஜரில் 0.3 முதல் 0.5 அம்பியர் அளவில் ஏற்றுங்கள். கார் சார்ஜரில் போட்டுத்தர ஒருவரையும் விடாதீர்கள், சின்னப் பற்றரி வெந்துவிடும். மூடி கழற்றித் தண்ணி விடும் பழைய வகையென்றால் கடையில் விற்கும் வடித்த நீர் மட்டும்; எங்கள் கிணற்றுத் தண்ணியின் சுண்ணாம்பு தகட்டைப் பழுதாக்கும். பக்கத்தில் இருக்கும் மேல், கீழ்க் கோடுகளுக்கு இடையில் நின்றால் போதும்.