செய்முறைப் படத்தில் என்ன எழுத வைப்பது? கேள்வி பதில்

டெல்டா பகுதி ஆசிரியர்கள் கேட்டவை. செய்முறை வகுப்பில் போன் படங்களைப் பயன்படுத்தும் அறிவியல் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

மன்னார்குடி: டீச்சர், பிள்ளைகள் செய்முறையைப் போனில் படம் எடுத்து, அதில் பாகங்களின் பெயரை மட்டும் எழுதித் தருகிறார்கள். போதுமா?

போதாது. பீக்கர், புனல் என்று பெயர் எழுத பாடப்புத்தகப் படமே இருக்கிறதே! குளத்து ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியைத் தண்ணீருக்குள் கவிழ்த்த புனலுக்குள் வைத்து, புனலின் மேல் தண்ணீர் நிரம்பிய சோதனைக்குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைக்கிறோம் அல்லவா, அதில் சோதனைக்குழாயின் உச்சிக்கு ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். "இங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது" என்பது பார்த்தது. "குமிழியாக வந்த வாயு மேலே சேர்ந்ததால்" என்பது காரணம். இரண்டையும் வேறு வேறு நிறத்தில் எழுதினால், யார் எதை ஊகிக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

கும்பகோணம்: எந்தச் செய்முறைக்குப் படம் நன்றாகப் பொருந்தும்?

நேரம் போகப் போக மாறுகிறவற்றுக்கு. எனக்குப் பிடித்தது மண் சோதனை. வயல் களி ஒரு பாட்டிலில், ஆற்றுப் படுகை மண் இன்னொன்றில். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்திலேயே அடியில் தங்கும், வண்டல் படிய சில மணி நேரம் ஆகும், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ஒரே இடத்திலிருந்து மூன்று படம். பக்கத்தில் ஸ்கேல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுக்கின் உயரத்தை எதை வைத்துச் சொல்வது? மணல் ஏன் முந்தியது என்பதைப் படத்தின் மேலேயே எழுதட்டும்.

திருத்துறைப்பூண்டி: எங்களிடம் கருப்பு வெள்ளை பிரிண்டர்தான்.

அப்படியானால் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் அயோடின் சோதனையில் ஏமாந்துபோவீர்கள். பழுப்பு மஞ்சளும் கருநீலமும் தாளில் சாம்பலாகத்தான் விழும். நிறத்தை வார்த்தையில் எழுதிவிட்டு அப்புறம் பிரிண்ட் எடுங்கள்.

சீர்காழி: அளவுசாடியில் படித்த அளவும் படத்தில் தெரியும் அளவும் ஒத்துவரவில்லை.

கேமரா மேலிருந்து பார்த்திருக்கும். அளவு கூடுதலாகத் தெரியும். நீர்மட்டத்துக்கு நேராகப் பிடியுங்கள்.

நாகை: பிள்ளைகளின் முகம் வரலாமா?

வேண்டாம். கை மட்டும் போதும்.

பாபநாசம்: படம் இருக்கும்போது ரெக்கார்டு நோட்டில் வரைவது எதற்கு?

வரையத்தான் வேண்டும் சார். வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தால் செல்லோடு காற்றுக்குமிழியும் விழும். கருப்பு விளிம்போடு பளிச்சென்று இருப்பதால் அதையே உட்கரு என்று குறிக்கிற பிள்ளைகள் உண்டு. வரையும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். நான் இரண்டையும் கேட்பேன்: முதலில் படம், அதில் "இது குமிழி, செல் அல்ல" என்ற குறிப்பு, அதற்குப் பிறகு பென்சில்.