பிள்ளைக்கு ஒரு நீதிமன்றம், பிள்ளையின் சொத்துக்கு வேறொன்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சுயமாக வாங்கிய மனையில் பத்து வயது மகனுக்கும் பங்கு உண்டு. அதை விற்கக் குடும்ப நல நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாமா?

பதில்: அங்கே கேட்கக் கூடாது. மைனர் யாரிடம் வளர்வது, யார் பார்த்துவரலாம், அவருக்குக் காப்பாளர் யார் என்ற வழக்குகளை மட்டுமே 1984ஆம் ஆண்டு குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம் மாவட்ட நீதிமன்றத்திடமிருந்து குடும்ப நல நீதிமன்றத்துக்கு மாற்றியது. மைனரின் சொத்து பற்றிய அதிகாரம் பழைய இடத்திலேயே இருக்கிறது. நீங்கள் இந்துவானால், 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, மனை இருக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலோ, அதற்கென அதிகாரம் பெற்ற கீழ் நீதிமன்றத்திலோ மனுச் செய்ய வேண்டும். என்னிடம் வந்த ஒரு தாய் குடும்ப நல நீதிமன்றத்தில் கொடுத்திருந்த மனுக்கட்டில், ‘இம்மனு இங்கே எவ்வாறு நிலைக்கத்தக்கது?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருந்தார்கள். அதற்குள் வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தேவை இருந்தாலோ, விற்பது மைனருக்கு வெளிப்படையான நன்மை தருவதாக இருந்தாலோதான் அனுமதி கிடைக்கும் என்பதால், பள்ளிக் கட்டண ரசீது, கடன் பாக்கி விவரம் போன்றவற்றை முதலிலேயே இணைத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் விற்றால், மகன் மேஜரான பின் மூன்று ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை ரத்துச் செய்யக் கோரலாம்.

கேள்வி: கூட்டுக் குடும்பச் சொத்துக்கும் இதே அனுமதி வேண்டுமா?

பதில்: குடும்பத் தலைவர் குடும்பத் தேவைக்காக விற்கும்போது, அதிலுள்ள மைனரின் பிரிக்கப்படாத பங்குக்கு 8ஆம் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்துள்ளது.

கேள்வி: சென்னையிலுள்ள வீட்டை அப்பா எனக்கு உயில் எழுதிவைத்தார். உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு இருந்தவரை, சென்னையில் எழுதப்பட்ட, அல்லது சென்னையிலுள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துவின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயமாக இருந்தது, மதுரையில் எழுதி மதுரை வீட்டையே பற்றிய உயிலுக்கு அது தேவைப்படவில்லை. ஒரே சட்டம் ஊருக்கு ஊர் இப்படி வேறுபட்டது நியாயமில்லை என்றே நான் கருதிவந்தேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. ஆனாலும் விருப்பப்பட்டால் புரோபேட் பெறும் வழி மூடப்படவில்லை. உடன்பிறந்தவர் எவரேனும் உயிலை மறுக்கக்கூடும் என்று தோன்றினால், இப்போதே விண்ணப்பியுங்கள். உயிலை மெய்ப்பிக்க, அதில் சாட்சிக் கையெழுத்திட்டு உயிரோடு இருப்பவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். அப்படிக் கையெழுத்திட்டவர்கள் உங்கள் அப்பாவின் நண்பர்களானால், அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: என் தம்பிக்கு முப்பது வயது; அறிவுசார் குறைபாடு உள்ளவன். காப்பாளராக நியமனம் பெற எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

பதில்: நீதிமன்றத்துக்கே போக வேண்டியதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி இடம்பெறும் உள்ளூர்க் குழுவே காப்பாளரை நியமிக்கிறது. நியமனமான ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலை அந்தக் குழுவிடம் நீங்கள் ஒப்படைக்க வேண்டும். விபத்தில் நினைவிழந்து கோமாவில் கிடப்பவருக்கு இந்தச் சட்டம் உதவாது. அவர்களுடைய குடும்பங்கள் அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு, காப்பாளர் நியமனம் பெற்றே அவருடைய வங்கிக் கணக்கைக் கையாள வேண்டியிருக்கிறது. மருத்துவமனைக் கட்டணம் நாள்தோறும் ஏறும் வேளையில் அது பெரும் சுமை. இத்தகையோருக்குக் காப்பாளரை நியமிக்கும் பொறுப்பை மாவட்ட நீதிமன்றத்திடம் தர நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும்.