டெம்ப்ஸ்டர் சாலையில் ஆறு பைக்: சின்ன டேங்க்தான் கணக்கு

கனடாவின் டெம்ப்ஸ்டர் சரளைச் சாலையில் டாசன் சிட்டியிலிருந்து இனுவிக் வரை ஆறு பேர் பைக்கில் போகிறோம், அதில் ஒரு நண்பரின் பைக்குக்கு மட்டும் 11 லிட்டர் பெட்ரோல் டேங்க், மே கடைசியில் கிளம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். மே வேண்டாம். வழியில் குறுக்கிடும் பீல், மெக்கன்சி ஆறுகளில் பனி உடையும் நேரம், வண்டிகளை அக்கரை சேர்க்கும் ஃபெர்ரி ஓடாது. ஜூன் பாதி தாண்டட்டும்.

வழியிலுள்ள ஈகிள் பிளெய்ன்ஸ் பெட்ரோல் பங்க் டாசனிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். நடுவில் எதையும் நம்பாதீர்கள். எதிர்காற்றில், சரளையில் மைலேஜ் வேறு குறையும். அந்தச் சின்ன டேங்க் நண்பருக்கு 5 லிட்டர் பெட்ரோல் கேன் இரண்டு வேண்டும். அவர் தலையிலேயே கட்டாமல் பெரிய பைக்குகளில் ஏற்றுங்கள் (அப்போதுதான் யாரும் அவரை விட்டுவிட்டுப் பறக்க மாட்டார்கள்!).

தூசி அடங்க, சாலையில் கால்சியம் குளோரைடு போடுவார்கள். மழை பட்டால் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரை மாதிரி வழுக்கும். அந்தச் சேறு ரேடியேட்டரில் காய்ந்தால் சிமெண்ட்தான், அன்று இரவே கழுவிவிடுங்கள். அப்புறம், முன்னால் போகிறவரின் தூசிக்குள் ஓட்டாதீர்கள், லாரி வருவது தெரியாது.